ஒரு பணி, பல மொழி: சிறு நிரல்களைத் தொகுக்கும் முயற்சி

அயன்மொழியொன்றைக் கற்க விரும்புவார்க்கு இருவேறு வழிகள் உள. அதன் இலக்கணத்தை முதலேட்டிலிருந்து இறுதியேடு வரை முறையாக ஓதுதல் ஒன்று. அம்மொழியில் அமைந்த சிறு பகுதி ஒன்றை எடுத்து, தாம் முன்னரே அறிந்த மொழியிலுள்ள அதே பகுதியை அருகில் வைத்து, சொல்லுக்குச் சொல் ஒப்பு நோக்கிப் பொருள் கொள்ளுதல் மற்றொன்று. முன்னது புலவர் நெறி. பின்னது வணிகரும் யாத்திரிகரும் பாதிரிமாரும் பண்டு தொட்டுக் கைக்கொண்ட நெறி. கணினிக்கு ஆணையிடுதற் பொருட்டு மக்கள் வகுத்துக்கொண்ட செயற்கை மொழிகளுக்கும் இவ்விரு நெறிகளும் ஒக்கும். அவற்றுள் இரண்டாவது நெறியைப் பற்றியும், அந்நெறியில் தமிழுக்குள்ள இடத்தைப் பற்றியும் ஈண்டுச் சிறிது கூறப் புகுகின்றேன். தமிழ் பயிலும் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று ஐயுறும் அன்பர்கள் கட்டுரையின் நடுப்பகுதி வரையிலேனும் பொறுத்தருள்வார்களாக.

ஒரே சிறு பகுதியைப் பல மொழிகளில் திரட்டி அடுக்கும் முயற்சி கணினியோடு தோன்றியது அன்று. சுவிட்சர்லாந்து நாட்டுக் கொன்ராட் கெஸ்னர் என்பார் 1555-ஆம் ஆண்டு வெளியிட்ட 'மித்ரிதாத்தீசு' என்னும் நூலில் பரமண்டல ஜெபத்தை 22 மொழிகளில் தொகுத்துத் தந்தார். அதே பெயரால் ஜெர்மானியராகிய அடெலுங் தொடங்கி, அவர்க்குப்பின் பிறர் 1817-இல் முடித்த பெருநூலில் அச்செபம் ஏறக்குறைய ஐந்நூறு மொழிகளில் இடம் பெற்றது. நம் நாட்டில் கிரியர்சன் துரையவர்கள் நடத்திய இந்திய மொழி ஆய்வு இம்முறையை இன்னும் செம்மைப்படுத்தியது. 1903 முதல் 1928 வரை பதினொரு தொகுதிகளாக வெளிவந்த அவ்வாய்வு 179 மொழிகளையும் 544 கிளைமொழிகளையும் கணக்கிட்டது. ஒவ்வொரு மொழிக்கும் அவர் வேண்டிய மாதிரிகள் மூன்று: ஊதாரி மைந்தன் உவமையின் மொழிபெயர்ப்பு ஒன்று, அவ்வூர் மக்கள் தாமே சொல்லும் கதையோ வழக்கோ ஒன்று, குறித்த சொற்களும் வாக்கியங்களும் அடங்கிய பட்டியல் ஒன்று. உவமையை அவர் தெரிந்தெடுத்தது சமயப் பற்றினாலன்று. மூவிடப் பெயர்களும், பெரும்பாலான வேற்றுமைகளும், முக்காலங்களும் அச்சிறு கதைக்குள்ளேயே வந்துவிடுகின்றன என்பதே காரணம். சென்னை மாகாணம் பெரும்பாலும் அவ்வாய்வின் எல்லைக்குப் புறம்பாக நின்றுவிட்டது நமது தவக்குறை போலும். 1906-இல் வெளிவந்த திராவிட மொழித் தொகுதியில் தமிழ் பேசப்படுகின்றதாயினும், தமிழ் வழங்கும் மாவட்டங்களில் ஊர்தோறும் மாதிரி திரட்டப்படவில்லை.

மாதிரி சிறிதாயிருத்தலால் பயன் சிறிதாவதில்லை. எங்கள் வல்லத்தை அடுத்த செஞ்சியில், திருநாதர்குன்றுப் பாறையின்மேல், சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தி சில சொற்களால் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அச்சில சொற்களைக் கொண்டே பழந்தமிழ் எழுத்து வட்டெழுத்தாக மாறி வந்த வரலாற்றின் ஒரு படியை அறிஞர் உறுதி செய்கின்றனர். செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் இராசகிரியின் உச்சியையும் கலியாண மகாலையும் கண்டு திரும்புகின்றனர். இப்பாறையின் முன் நிற்பார் சிலரே.

இனிக் கணினி மொழிக்கு வருவோம். கணினி தானாக ஒன்றும் செய்யமாட்டாது. இன்னதை இன்ன வரிசையில் செய்க என்று எழுதிக் கொடுக்கும் ஆணைத்தொடரே நிரல் எனப்படும். நிரல் எழுதுதற்கென வகுத்த மொழிகள் இன்று பல நூறு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேவையால் பிறந்தது: ஒன்று அறிவியற் கணக்கிற்கு, ஒன்று வாணிகக் கணக்கிற்கு, ஒன்று சிறுவர் கற்றற்கு. இவற்றுள் ஒன்றை அறிந்தவன் மற்றொன்றைக் கற்க முற்படும்போது, முன்னதில் இதை இவ்வாறு சொல்வேன். பின்னதில் எவ்வாறு சொல்வது என்ற வினாவே முதலில் எழுகின்றது. அவ்வினாவுக்கு விடையாவது சிறு எடுத்துக்காட்டு நிரல்.

இத்தகைய எடுத்துக்காட்டுக்களைச் சேமித்து வைக்கும் வழக்கம் கணினியின் இளமையிலேயே தொடங்கிற்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் பொறி 1949-ஆம் ஆண்டு மே மாதத்தில் முதன்முதல் இயங்கியது. வர்க்கமூலம் காணல், எண்ணை அச்சிடல் முதலிய பணிகளுக்குரிய துணைநிரல்களை ஒருமுறை எழுதிச் சோதித்து, துளையிட்ட நாடாக்களாக ஓரிடத்தில் வைத்து, வேண்டுவோர் எடுத்துப் படியெடுத்துக்கொள்ளுமாறு அங்கு ஏற்பாடு செய்தனர். வில்க்ஸ், வீலர், கில் என்னும் மூவர் 1951-இல் வெளியிட்ட நூல் அத்தொகுப்பை உலகுக்கு அறிவித்தது. பின்னர் அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கத்தின் திங்களிதழ் 1960-இல் சிறு நிரல்களுக்கென்று ஒரு பகுதியைத் தொடங்கியது. அதில் எனக்கு மிகவும் உவப்பான செய்தி ஒன்று உண்டு. ஒருவர் வெளியிட்ட நிரலை வேறு ஊரிலுள்ள மற்றொருவர் தம் பொறியில் இயக்கிப் பார்த்து, இது செவ்வனே இயங்குகின்றது, அல்லது இன்ன வரியில் இன்ன பிழை உளது, என்று கையெழுத்திட்டுச் சான்று வழங்குவார். அச்சான்றும் அதே இதழில் அச்சாகும். நூலுக்குச் சிறப்புப்பாயிரம் பெறுவது நமது மரபு. சிறப்புப்பாயிரத்தில் குற்றமும் கூறலாம் என்று வைத்தாற்போல்வது அது.

ஒரே பணியைப் பல மொழிகளில் எழுதி ஒப்பிடுவதைப் புலமையோடு செய்து காட்டியவர்கள் டொனால்டு க்னூத், லூயிஸ் டிராப் பார்டோ என்னும் இருவர். நிரல்மொழிகளின் முற்கால வரலாற்றை 1976-இல் எழுதப் புகுந்த அவர்கள், அளவில் மிகச் சிறிய கணக்கொன்றைத் தாமே புனைந்தனர். பதினோர் எண்களைப் பெறுதல்; அவற்றைத் தலைகீழ் வரிசையில் எடுத்தல்; ஒவ்வொன்றின்மேலும் ஒரு வாய்பாட்டைச் செலுத்தி விடை 400-க்கு மேற்பட்டால் மிகப் பெரிது என்று அறிவித்தல்; இவ்வளவே. பயனற்ற கணக்கு என்று அவர்களே அறிவர். ஆயினும் ஜெர்மனியில் சூசே என்பார் 1945-இல் காகிதத்தளவில் வகுத்த மொழி முதற்கொண்டு, பல மொழிகளில் அதனை வரைந்து அடுக்கியபோது, பட்டியலாக எண்களை வைத்துக்கொள்ளும் ஆற்றல் எம்மொழிக்கு உண்டு, எம்மொழிக்கு இல்லை, எது தன் எழுத்தாளனை வருத்துகின்றது என்பனவெல்லாம் கண்கூடாக வெளிப்பட்டன. கிரியர்சனின் உவமைக்கும் இக்கணக்குக்கும் உள்ள ஒற்றுமையை அன்பர்கள் நோக்குக. இரண்டும் தம் பொருட்டாக அன்றி, மொழியின் உறுப்புக்களை வெளிக்கொணர்தற்பொருட்டே தெரிந்தெடுக்கப்பட்டன.

1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் சேர்ந்து வெளியிட்ட சி-மொழி நூலின் தொடக்கத்தில், உலகுக்கு வணக்கம் கூறும் சிறு நிரல் ஒன்று வந்தது. அதன்பின் எம்மொழியைக் கற்பிக்கும் நூலும் அவ்வணக்கத்தையே பிள்ளையார் சுழியாகக் கொண்டது. அதனால் மொழியைப்பற்றி அறியக் கிடைப்பது மிகக் குறைவு. வாயில் திறக்கின்றதா என்று பார்க்கலாம், அவ்வளவே.

இன்று இவ்வகைத் தொகுப்புக்களுள் பெரிதெனத்தக்கது 'ரொசெட்டா கோடு' என்பது. மைக்கேல் மோல் என்பார் 2007-இல் இதனைத் தொடங்கினார். எகிப்து நாட்டில் 1799-இல் கிடைத்த ரொசெட்டாக் கல்லின் பெயரே இதற்கு இடப்பட்டது. கிறிஸ்துவுக்கு முன் 196-ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்லில் ஒரே அரசாணை, தெய்வ எழுத்து, மக்கள் எழுத்து, கிரேக்கம் என மூவகையாகப் பொறிக்கப்பட்டிருந்தமையாலன்றோ, 1822-இல் ஷாம்போலியன் எகிப்திய எழுத்தின் திறவுகோலைக் கண்டார்? அவ்வாறே இத்தொகுப்பில் ஒவ்வொரு பணிக்கும் ஓர் ஏடு. அவ்வேட்டில் மொழிதோறும் ஒரு விடை. பணிகள் ஆயிரத்திற்கு மேற்பட்டன. மொழிகள் எண்ணூற்றுக்கு மேற்பட்டன. எவரும் விடை எழுதலாம், எவரும் திருத்தலாம். யாவரும் எடுத்துப் பயன்படுத்தவும், திருத்தியதை அதே உரிமையோடு பிறர்க்கு வழங்கவும் இசையும் உரிமத்தின்கீழ் அது வெளியாகின்றது.

அத்தொகுப்பில் மீப்பெரு பொது வகுத்தி காணும் பணிக்குரிய ஏட்டைத் திறந்தால், பற்பல ஆங்கில நிரல்களின் இடையே திடீரெனத் தமிழெழுத்துக்கள் தோன்றும். அஃது எழில் என்னும் மொழியில் எழுதப்பட்டது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதுதற்கென முத்தையா அண்ணாமலை என்பார் 2007-இல் வகுக்கத் தொடங்கி, 2009-இல் ஆய்வுக் கட்டுரை வாயிலாக அறிவித்த மொழி அது. பைத்தான் மொழியால் ஆக்கப்பட்டு, கட்டற்ற உரிமத்தோடு வழங்கப்படுகின்றது. என். சொக்கன் அவர்களும் அவரும் சேர்ந்து அதற்கொரு பயிற்சி நூலும் எழுதியுள்ளனர்.

இப்பணி யாதெனில், இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் எண்களுள் பெரியதைக் காணல். கூடமொன்று 84 அடி நீளமும் 36 அடி அகலமும் உடையதாகக் கொள்வோம். ஒரே அளவான சதுரக் கற்களால், கல்லை உடைக்காமல் தளம் பாவ வேண்டும். மிகப் பெரிய கல்லின் பக்கம் எவ்வளவு? யூக்கிளிது தம் ஏழாம் நூலில் கூறிய வழி, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்துக்கொண்டே செல்லுதல். 84-இல் 36 போக 48. அதிலும் 36 போக 12. இப்பொழுது 36-இல் 12 போக 24. அதில் 12 போக 12. இரண்டும் சமமாயின, விடை 12 அடி, கற்கள் ஏழு வரிசையும் மூன்று நிரையுமாக இருபத்தொன்று. இதனை எழில் மொழியில் நான் எழுதிப் பார்த்தது வருமாறு:

நிரல்பாகம் மீபொவ(அ, ஆ)
  @(அ != ஆ) வரை
    @(அ > ஆ) ஆனால்
      அ = அ - ஆ
    இல்லை
      ஆ = ஆ - அ
    முடி
  முடி
  பின்கொடு அ
முடி
பதிப்பி மீபொவ(84, 36)

இதனை வேறு சில மொழிகளோடு ஒப்பிட்டால் சுவையான செய்திகள் தோன்றுகின்றன. ஏ.பி.எல். என்னும் மொழியில் இப்பணி முழுவதும் ஒற்றைக் குறி. கணிதர் தமக்கென்று செய்துகொண்ட சூத்திர நடை அது. கோபால் என்று ஒலிக்கும் வாணிக மொழியில் (நம்மூர்க் கோபாலனுக்கும் இதற்கும் உறவில்லை) கழித்தலைக்கூட முழு ஆங்கில வாக்கியமாக எழுதுவர். ஆவண எழுத்தர் நடை அது. ஹாஸ்கெல் மொழியில் இப்பணி முன்னரே உள்ளமைந்த சொல்லாய் இருக்கின்றது. பைத்தானின் கணிதத் தொகுப்பிலும் 2015 முதல் அவ்வாறே.

ஆயினும் தமிழ் மாணவனுடைய கண் முதலில் சென்று நிற்பது சொற்கிடக்கையின்மேல். ஆங்கிலச் சார்புடைய மொழிகளில் நிபந்தனையைக் காட்டும் சொல் முன்னே நிற்கும். நிபந்தனை பின்னே வரும். எழிலிலோ நிபந்தனை முன்னும் 'ஆனால்', 'வரை' என்னும் சொற்கள் பின்னும் வருகின்றன. மழை பெய்தால் என்று வினையின் இறுதியில் நிபந்தனையை வைக்கும் நமது மொழியின் இயல்போடு இஃது ஒத்தது. ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொற்களை அவ்விடத்தில் இட்ட மொழிபெயர்ப்பு வேலையாக மட்டும் இருந்திருப்பின் இவ்வமைப்பு வந்திராது. அதே வேளையில், 'பதிப்பி', 'பின்கொடு' என்பவை தத்தம் செயப்படுபொருளுக்கு முன்னே நிற்கின்றன. அதனைப் பதிப்பி என்பதே தமிழ். பதிப்பி அதனை என்பது செய்யுளில் வரும் வழக்கு. ஆகவே இம்மொழி பாதி தமிழ் நடையும் பாதி பிறநடையும் உடையது என்பது என் எண்ணம். இது குறை கூறலன்று. ஒரு மொழியின் உடம்பில் எவ்வுறுப்பு தன்னுடையது, எவ்வுறுப்பு கடன்பெற்றது என்பது தனியே பார்த்தால் புலப்படாது. பிறவற்றின் அருகில் வைத்தபோதே புலப்படுகின்றது என்பதைக் காட்டவே இது கூறினேன்.

இதுகாறும் கூறியது மகிழ்ச்சிக்குரிய பக்கம். இனி நமக்கு நட்டம் விளைக்கும் பக்கத்தைச் சொல்லவேண்டும்.

சொல்லொன்றில் எத்தனை எழுத்து என்று எண்ணுதல் மிக எளிய பணியாகத் தோன்றும். தமிழ் என்னும் சொல்லில் எழுத்து எத்தனை என்று திண்ணைப் பள்ளிச் சிறுவனைக் கேட்டால், த, மி, ழ் என மூன்று என்பான். சி-மொழியின் வழக்கமான முறையில் எண்ணினால் 15 என்று விடை வரும். பைத்தான் 5 என்னும். ஸ்விஃப்ட் மொழி 3 என்னும். மூன்றும் தத்தம் நோக்கில் பிழையில்லாதன. யூனிகோடு என்னும் உலகப் பொது எழுத்துமுறை, 1991-இல் வெளிவந்த தன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கும் இடமளித்தது. அம்முறையில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்னும் ஐந்து குறியீடுகளாகச் சொல் சேமிக்கப்படுகின்றது. ஆதலின் பைத்தான் ஐந்து என்கின்றது. அவ்வைந்தும் இன்று பெருவழக்கான சேமிப்பு முறையில் தனித்தனி மும்மூன்று பைட்டு இடம் கொள்ளும். சி-மொழி இடத்தை எண்ணுகின்றது, ஆதலின் பதினைந்து. ஸ்விஃப்ட் ஒன்றுதான் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தோன்றுவதை ஓர் எழுத்தாக எண்ணுகின்றது.

தொல்காப்பியம் பயின்றார்க்கு இங்கு வேறொரு வியப்பும் உண்டு. நம் இலக்கணத்தின்படி க் என்னும் மெய்யே முதற்பொருள். அதனோடு அகரவுயிர் சேர்ந்து க ஆகின்றது. யூனிகோடு முறையிலோ க என்பதே முதற்பொருள். அதன்பின் புள்ளியொன்று சேர்ந்து க் ஆகின்றது. கூட்டற் கணக்கைத் திருப்பி எழுதினாற்போல்வது இது. இன்னும், கொ என்னும் ஓரெழுத்தை ககரமும் ஒகரக்குறியுமாக இரண்டு குறியீடுகளாலும் எழுதலாம். ககரமும் கொம்பும் காலுமாக மூன்று குறியீடுகளாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எண்ணிப் பார்க்கும் நிரலுக்கு வெவ்வேறு.

ரொசெட்டாத் தொகுப்பில் சொல்லின் நீளம் காணும் பணிக்கும், சொல்லைத் திருப்பி எழுதும் பணிக்கும் தனித்தனி ஏடுகள் உள்ளன. அப்பணிகளை வகுத்தோர் இச்சிக்கலை அறிந்தே, இடத்தின் அளவு வேறு, குறியீட்டின் அளவு வேறு, காணும் எழுத்தின் அளவு வேறு என்று பிரித்துக் கேட்டிருக்கின்றனர், அது போற்றற்குரியது. ஆயினும் மாணாக்கர் கையில் வழங்கும் பாடநூல்களில் காணும் எடுத்துக்காட்டு பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மட்டும் உள்ளத்திற் கொண்டது. சொல்லைத் திருப்பும் அத்தகைய நிரலொன்றில் தமிழ் என்பதை இட்டால் '்ழிமத' என்று வெளிவருகின்றது. புள்ளி ஏறி நிற்க இடமின்றி முன்னே தொங்குகின்றது. மகரத்திற்குரிய இகரக்குறி ழகரத்தின்மேல் போய் ஒட்டிக்கொள்கின்றது. முறைப்படி வரவேண்டியது 'ழ்மித' என்பதன்றோ?

இது விளையாட்டுச் செய்தியன்று. பெயருக்கு ஐந்து எழுத்தளவே இடம் என்று ஒரு பட்டியலில் வரையறுத்து, அவ்வரையறையைக் குறியீட்டுக் கணக்கால் செய்திருப்பின், கண்ணன் என்பவன் நான்கெழுத்துப் பெயரினன் ஆயினும், அவன் பெயருக்குக் குறியீடு ஆறு ஆதலால், இறுதிப் புள்ளியை இழந்து 'கண்ணன' என்று நிற்பான். ஐந்து என்பதை இருபது என்று மாற்றிக்கொண்டால் நீண்ட பெயருடையார் பலர்க்கு இவ்வின்னல் உண்மையிலேயே நேரும். சான்றிதழில் ஓர் எழுத்தும், விண்ணப்பத்தில் வேறோர் எழுத்தும் இருத்தலால் அலைந்து திரிந்தவர்களை இக்கல்லூரியிலேயே காணலாம். எங்கோ ஒருவர் ஒரு சிறு எடுத்துக்காட்டை எழுதினார். அவர் தமிழை நினைக்கவில்லை. நினைக்கக் கடமைப்பட்டவரும் அல்லர். அதனைப் படியெடுத்தவர் மற்றொருவர். அவர் நினைத்திருக்க வேண்டும்.

இக்குறை தீர்க்கத் தமிழர் சிலர் முன்வந்து உழைத்துள்ளனர். எழில் மொழியோடு தொடர்புடைய 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரற்றொகுதி, சொல்லைத் தமிழிலக்கண முறையில் எழுத்து எழுத்தாகப் பிரித்தும், உயிர்மெய்யை மெய்யும் உயிருமாகப் பகுத்தும் தருகின்றது. 2012 முதல் வெளிவரும் 'கணியம்' என்னும் மின்னிதழ் நிரலாக்கப் பாடங்களைத் தமிழிலேயே எழுதி, எவரும் எடுத்தாள இசைவளித்து வழங்குகின்றது. செய்யுளை அசையும் சீரும் தளையுமாகப் பிரித்துக் காட்டும் 'அவலோகிதம்' என்னும் மென்பொருளும் உண்டு. வெண்பா இயற்றிவிட்டுத் தளை தட்டுகின்றதோ என்று அஞ்சும் எம் வகுப்புத் தோழர் சிலர் ஆசிரியரிடம் காட்டுமுன் அதனிடம் காட்டுகின்றனர்.

எடுத்துக்காட்டுக்கள் சான்றோர் எழுதியனவாயினும் ஆராயாது கொள்ளத்தக்கன அல்ல என்பதற்கு ஒரு வரலாறு உளது. அகராதியில் சொல் தேடுவோன் ஏட்டின் நடுவைத் திறக்கின்றான். வேண்டிய சொல் அதற்கு முன்னதா பின்னதா என்று கண்டு, அப்பாதியின் நடுவை மீண்டும் திறக்கின்றான். இதனை இருகூற்றுத் தேடல் என்பர். நடுவைக் காண, தொடக்க எண்ணையும் இறுதி எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்தல் போதும். ஜான் பெந்திலி என்னும் ஆசிரியர் 1986-இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் இந்நிரலை எழுதி, அது வழுவற்றது என்று நிறுவியும் காட்டினார். அவ்வழியே ஜாவா மொழியின் உள்ளமைந்த தொகுப்பிலும் அது புகுந்தது. அதனை அங்கு எழுதியவராகிய ஜாஷுவா பிளாக்கே 2006-இல், தம் நிரலில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகளாக ஒரு வழு உறங்கிக் கிடந்தது என்று உலகறிய எழுதினார். ஜாவாவின் வழக்கமான முழுவெண் 2,147,483,647-க்கு மேற்போக மாட்டாது. பட்டியல் நூறு கோடிக்கு மேற்பட்ட உறுப்புக்களை உடையதாயின், தொடக்கமும் இறுதியும் கூடிய தொகை அவ்வெல்லையைத் தாண்டிக் குறையெண்ணாக மாறிவிடும், நிரல் முறிந்துபோம். கூட்டி வகுத்தலை விட்டு, இறுதியிலிருந்து தொடக்கத்தைக் கழித்து, அதன் பாதியைத் தொடக்கத்தோடு சேர்த்தால் குற்றம் தீரும்.

இங்கு நான் வற்புறுத்த விரும்புவது இதுவே. அதே வரியைப் பைத்தானில் எழுதினால் வழு இல்லை. அம்மொழியில் முழுவெண்ணுக்கு எல்லை வகுக்கப்படவில்லை. ஆகவே பிழை வரியில் இல்லை. வரிக்கும் மொழிக்கும் உள்ள உறவில் இருந்தது. ஒருமொழி மட்டும் அறிந்தவன் அதனைக் காண்டல் அரிது. இரண்டு மொழிகளில் அதே நிரலை எழுதி, ஏன் ஒன்றில் அஞ்ச வேண்டும், மற்றொன்றில் அஞ்ச வேண்டுவதில்லை என்று வினவுவோனுக்கே அது தென்படும். தொல்காப்பிய நூற்பா ஒன்றுக்கு இளம்பூரணர் உரையை மட்டும் படித்தவன் ஐயமின்றி உறங்குகின்றான். சேனாவரையரையும் தெய்வச்சிலையாரையும் சேர்த்து வைத்துப் படித்தவனுக்கே, இங்கு ஏதோ ஓரிடர் இருக்கின்றது போலும் என்னும் உணர்ச்சி பிறக்கின்றது.

நிரல்களைப் படியெடுப்பதனால் மாணாக்கர் சோம்பேறிகளாவர் என்று ஆசிரியர் சிலர் கவலுறுகின்றனர். அக்கவலை பொய்யன்று. கோனார் உரையை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுவோன் செய்யுளைக் கற்றவன் ஆகான். ஆயினும் அதற்காக உரைநூலை ஒழிக்க யாரும் சொல்வதில்லை. ஒரு மொழியில் கண்ட நிரலை வேறொரு மொழியில் எழுதி வருக என்று வீட்டுவேலை இட்டால், வரிக்கு வரி பார்த்தெழுதுதல் இயலாது. பொருளை உணர்ந்தே ஆகவேண்டும். தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இம்முறை பெரிதும் உதவும் என்பது என் துணிபு. அவர்கள் இடர்ப்படுவது பெரும்பாலும் கணக்கில் அன்று. கணக்கை மூடியிருக்கும் ஆங்கிலத்தில். எழிலில் ஒரு நிரலும் அதன் அருகே பைத்தானில் அதே நிரலும் இருப்பின், தெரிந்த கரையில் ஒரு காலை ஊன்றிக்கொண்டே அடுத்த காலைப் படகில் வைக்கலாம்.

தமிழ் விடைகள் பெருகவேண்டும் என்பதோடு, தமிழ்ப் பணிகளும் வகுக்கப்படவேண்டும். கிரியர்சன் பொது உவமையோடு ஊர்க்கதையும் கேட்டார் என்று மேலே கூறினேன். ரோமானிய எண்களை எழுதும் பணி ரொசெட்டாத் தொகுப்பில் உண்டு. தமிழெண்களின் பழைய முறையும் அதற்கு இளைத்ததன்று. 2,345 என்பதை ௨௲௩௱௪௰௫ என்று எழுதுவர். இரண்டு, ஆயிரம், மூன்று, நூறு, நான்கு, பத்து, ஐந்து என நாம் வாயால் சொல்லும் வரிசையே எழுத்திலும் நிற்கும். ஆயினும் ஆயிரத்தை மட்டும் எழுதுமிடத்து ௧௲ என்னாமல் ௲ என்றே எழுதுதல் போன்ற நுணுக்கங்களை நிரல் அறிந்திருக்க வேண்டும்.

இதனினும் அரிய பணியொன்று நம் கீழ்வாய் இலக்கத்தில் இருக்கின்றது. கணக்கதிகாரமும் எண்சுவடியும் கற்ற முன்னோர், முந்திரி என்னும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கை அடியாகக் கொண்டு பின்னங்களுக்குப் பெயர் வைத்தனர். நான்கு முந்திரி ஒரு காணி. எட்டு முந்திரி அரைமா. பதினாறு முந்திரி ஒரு மா. இருபது முந்திரி ஒரு மாகாணி. நாற்பது முந்திரி அரைக்கால். எண்பது முந்திரி கால். ஒரு பின்னத்தைத் தந்து, அதனைத் தமிழ்ப் பெயர்களால் சொல்லுக என்று நிரலைப் பணித்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். எண்பதில் பதினேழு பங்கை எடுத்துக்கொள்வோம். அஃது அறுபத்தெட்டு முந்திரி. பெரிய பெயரை முதலில் எடு, எஞ்சியதற்கு அடுத்த பெயரைத் தேடு என்று எளிய வழியில் நிரல் எழுதினால், அரைக்கால், மாகாணி, அரைமா என மூன்று பெயர்கள் வருகின்றன. நாற்பதும் இருபதும் எட்டுமாகக் கூட்டுத்தொகை சரியே. ஆனால் பழங்கணக்கன் ஐந்தில் ஒன்றை நாலுமா என்றே சொல்லிப் பழகியவன். அவன் வாயில் இது நாலுமா காணி என்று இரண்டு பெயரால் முடிந்துவிடும். கணக்கில் இரண்டும் ஒன்று. வழக்கில் ஒன்று செல்லும், மற்றொன்று செல்லாது. எவ்விடத்தில் மாவை அடுக்குவது, எவ்விடத்தில் அரைக்காலுக்கு ஏறுவது என்பதற்கு விதி வேண்டும். அவ்விதியை எண்சுவடி ஏடுகளைப் பார்த்தே வகுக்க முடியும். அதனை வகுத்தபின் பைத்தானிலும் எழிலிலும் எழுதுதல் அரிதன்று. முந்திரி முதலிய இக்குறிகளை அச்சிடுதற்கும் இனித் தடையில்லை. 2019-ஆம் ஆண்டு யூனிகோட்டின் பன்னிரண்டாம் பதிப்பில், தமிழ்ப் பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளும் உட்பட 51 குறியீடுகள் புதிதாகச் சேர்க்கப்பட்டுள்ளன.